ஏருக்கு முன் கிடந்தவன்

அடலேறு என்றொரு அரசன் இருந்தான். சரியான பிடிவாதக்காரன். பக்கத்து நாடுகளையெல்லாம் மடக்கிப் போட்ட பிறகு, பாட்டன் கட்டிய தலைநகரம் அவனுக்குச் சின்னதாகத் தெரிந்தது. புதிதாக ஒரு நகரம் வேண்டும், அதுவும் தன் பெயரில் வேண்டும் என்றான். வேண்டாம் என்று சொல்ல யாருக்குத் தலை கூடுதலாக இருக்கிறது?

இடம் பார்த்தார்கள். கொட்டி ஏரிக்கரை பொருந்தி வந்தது. தண்ணீர் இருந்தது, மேடு இருந்தது, சுற்றிலும் வயல் இருந்தது. கொட்டிக்கரை என்று ஓர் ஊரும் இருந்தது, வலை வீசிப் பிழைக்கிறவர்களின் ஊர். இடம் பார்க்க வந்தவர்களின் கண்ணுக்கு அது மட்டும் படவில்லை.

நகரம் தொடங்குவதற்கு அந்த நாட்டில் ஒரு முறை உண்டு. அரசனே பொன்னால் செய்த கொழுமுனை பூட்டிய ஏரைப் பிடித்து எல்லை நெடுக உழுது வர வேண்டும். ஏர் கீறிய சால் ஓடிய வழியில் மதில் எழும். கிளம்பிய இடத்துக்கே வந்து சால் கூடுகிறவரை ஏர் நிற்கக் கூடாது, ஒதுங்கவும் கூடாது. நின்றாலோ ஒதுங்கினாலோ அந்த மண்ணில் நகரம் வைக்க முடியாது, வேறு இடம்தான் பார்க்க வேண்டும். ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரிந்த சங்கதி இது.

கொட்டிக்கரைக் கோடனுக்கும் தெரிந்திருந்தது.

உழவுக்கு முதல் நாளே ஊர்க்காரர்களை வீரர்கள் கரட்டு மேட்டுக்கு விரட்டிவிட்டார்கள். கோடன் மட்டும் எப்படியோ நழுவி வந்தான். அவனைத் தேடிக்கொண்டு அவன் மனைவி எயினி பின்னாலேயே ஓடி வந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் அவன் ஏர் வரும் வழியில் குறுக்கே படுத்துவிட்டான். கைகளை இரண்டு பக்கமும் விரித்து, மண்ணைப் பற்றிக்கொண்டு, "நிறுத்து! நிறுத்து!" என்று கத்தினான்.

சாக வேண்டும் என்று அவன் படுக்கவில்லை. ஒரு மனிதன் மேல் இன்னொரு மனிதன் ஏர் ஓட்ட மாட்டான் என்று நம்பிப் படுத்தான். ராஜா ஒரு கணம் நின்றுவிட்டால் போதும், ஏரி தப்பித்துவிடும்.

பூசாரிகள் கொட்டுமேளத்தை உரக்க அடிக்கச் சொன்னார்கள். ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஏர் நிற்கவில்லை.

இதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் மருதங்கண்ணன் ஒருவன். அரண்மனை ஓவியன். நகரம் பிறந்த காட்சியைக் கொலுமண்டபச் சுவரில் வரைய வேண்டியவன் என்பதால் அவனைப் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தார்கள். கையில் கரிக்கட்டியும் பலகையும் வைத்திருந்தான். பலகையில் அன்றைக்கு அவன் ஒரு கோடுகூடப் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இல்லை. கண்ணை மூடினால் கோடனின் திறந்த வாய்தான் தெரிந்தது.

மதில் எழுந்தது. மண்டபம் எழுந்தது. கூடவே ஒரு கதையும் எழுந்தது. 'கோடன் என்னும் பெருந்தகை, புதுநகர் செழிக்கத் தன்னுயிரைத் தானே பலியாகத் தந்தான்' என்று தெருத்தெருவாகப் பறையறைந்து சொன்னார்கள். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மருதங்கண்ணன் சுவருக்குச் சுண்ணம் அரைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு ஒருநாள் எயினி வந்தாள்.

"அண்ணே, என்னயத் தெரியுதா?"

தெரிந்தது. அன்றைக்கு ஏர் போன பிறகு சாலில் விழுந்து புரண்டவளை அவனால் எப்படி மறக்க முடியும்?

"உக்காரு தாயி."

"உக்கார வரல. எங்க சனங்க என்னய ஒதுக்கி வச்சிட்டாங்க. அடுப்புக்கு நெருப்பு கேட்டுப் போனா என் கொழுந்தன் பொஞ்சாதி கதவச் சாத்துறா."

"ஏன்?"

"ஏன்னா கேக்கீங்க? ராஜாவுக்கு உசுரையே விரும்பிக் குடுத்தவன், ஏரியவும் சேத்துக் குடுத்துட்டுத்தான் போயிருக்கான்னு பேசிக்கிடுதாங்க. எங்க ஊர்க்காரங்க ஒருத்தரும் அன்னிக்கி அங்க இல்ல. நான் மட்டுந்தான் பாத்தேன். நான் சொன்னா, பொஞ்சாதி வேற எப்படிச் சொல்லுவாங்குறாங்க."

மருதங்கண்ணன் கையில் ஒட்டியிருந்த சுண்ணத்தைத் துடைத்தான். துடைத்ததையே திரும்பவும் துடைத்தான்.

"நீங்க அங்க நின்னீங்க. நான் உங்களப் பாத்தேன். நீங்க ராஜாவோட ஆளு, நீங்க செவுத்துல வரஞ்சா நம்புவாங்க. அவரப் பெருமைப்படுத்தி ஒண்ணும் வரைய வேணாம். பாத்தத வரைங்க, அது போதும்."

"வரையறேன் தாயி."

அவன் மனதாரத்தான் சொன்னான். பயந்துகொண்டே சொன்னான் என்றாலும் மனதாரத்தான் சொன்னான்.

மறுநாளே அமைச்சர் நன்னாகன் வந்தார். சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நடுவில் மன்னர். கையில் பொன்னேர். வலப்பக்கம் தேவர்கள் பூச்சொரிய வேண்டும். காலடியில் கோடன்."

"சரிங்க."

"கழுத்தில் மாலை. கைகூப்பிக் கிடக்க வேண்டும். முகத்தில் புன்சிரிப்பு."

மருதங்கண்ணனுக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியவில்லை. "அவன் கத்தினான், ஐயா" என்றான்.

"ஓவியனுக்குக் காது எதற்கு? கண் போதும்." அமைச்சர் அவனுடைய வலது கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துத் தட்டிக்கொடுத்தார். "கையும் வேண்டும், இல்லையா?"

அன்றைக்கு முழுக்க மருதங்கண்ணன் வேலையில் கை வைக்கவில்லை. பார்த்ததை வரைந்தால் கை போகும். வரையாவிட்டால் கொடுத்த வாக்குப் போகும். சுவரையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு அந்தச் சுவரே ஒரு வழி காட்டியது.

சுவரில் ஓவியம் எழுதுவதில் இரண்டு வகை உண்டு. சுண்ணச் சாந்து ஈரமாக இருக்கும்போதே வண்ணத்தை வைத்தால் சாந்து அதைக் குடித்துவிடும். பிறகு அது சுவரோடு சுவர்தான், சுவர் உள்ள வரைக்கும் இருக்கும். காய்ந்த பிறகு விளாம்பிசினில் குழைத்து எழுதினால் அது மேலே தோல் மாதிரி உட்காரும். பார்க்க இரண்டும் ஒன்றுதான். ஆனால் பிசினில் எழுதியது ஈரம் ஏறி ஏறி, ஒரு காலத்தில் செதில் செதிலாக உதிர்ந்துவிடும்.

ஒரு விடியற்காலையில் ஆட்களையெல்லாம் சாந்தில் சேர்க்கும் கடுக்காயை இடிக்க அனுப்பிவிட்டு, அவன் தனியாகச் சாந்து பூசினான். ஈரம் உலர்வதற்குள் கோடனை எழுதினான். விரித்த கைகளை எழுதினான். மண்ணைப் பற்றிய விரல்களை எழுதினான். திறந்த வாயை எழுதினான். ராஜாவின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி எழுதினான். தன் ஆயுளில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை என்று அவனுக்கே தெரிந்தது. அழுதுகொண்டேதான் எழுதினான்.

சாந்து காய்ந்ததும் அதன் மேல் பிசின் வண்ணத்தை எடுத்தான். திறந்த வாய் மேல் புன்சிரிப்பு வந்தது. விரித்த கைகள் மேல் கூப்பிய கைகள் வந்தன. கழுத்துக்கு மாலையும் வந்தது. ராஜாவின் திருப்பிய முகம் மேல் நேராகப் பார்க்கும் முகம் வந்தது.

முடித்துவிட்டு நேராக நரிப்பாறைக்குப் போனான்.

நரிப்பாறைக் குகையில் இளம்பூதி சாமி இருந்தார். மருதங்கண்ணன் அவருக்குச் சீடன். ஆசானைவிடச் சீடனுக்குத்தான் வயது கூட, தலையும் நரைத்திருந்தது. தம்பி வயசுக்காரன் காலில் விழுகிறானே என்று அரண்மனையில் கேலி செய்யாதவர்கள் இல்லை. அவனுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. ஏதாவது கேட்டால் சாமி பதில் சொல்வார், அதுவும் பாதிதான் சொல்வார். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் யோசிக்கலாம்.

சாமி அப்போது பிச்சையெடுத்து வந்த கூழைக் கரைத்துக்கொண்டிருந்தார்.

"வாரும். முகம் மலர்ந்திருக்கே."

மருதங்கண்ணன் எல்லாவற்றையும் சொன்னான். எயினி வந்தது, அமைச்சர் கையைத் தட்டிக்கொடுத்தது, ஈரச் சாந்து, விளாம்பிசின். சொல்லச் சொல்ல அவன் குரலில் மெருகு ஏறியது.

"ராஜாவுக்கும் தெரியாது, அமைச்சருக்கும் தெரியாது சாமி. அவங்க கேட்டது மேல இருக்கு. நெசம் அடியில இருக்கு. நெசந்தான் நிக்கும், பொய் உதுந்துரும்."

"எப்ப உதிரும்?"

"மூணு தலைமுறை ஆகலாம். நாலும் ஆகலாம்."

"எயினிகிட்டச் சொன்னீரா?"

"எப்படிச் சொல்றது சாமி? வெளிய தெரிஞ்சா என் கையி போயிரும்."

சாமி தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, "சாப்பிட்டீரா?" என்றார்.

"காலையில இருந்து பச்சத்தண்ணி படல, சாமி."

சாமி ஒரு சட்டி நிறையக் கூழ் ஊற்றினார். அவன் கை நீட்டினான். சாமி சட்டியைக் கொடுக்கவில்லை. அதை ஒரு மூடியால் மூடி, களிமண் பிசைந்து விளிம்பைச் சுற்றிப் பூசி, குகைக்குள் பாறை இடுக்கில் பத்திரமாக வைத்தார்.

"உம்ம கொள்ளுப்பேரன் இந்தப் பக்கம் வந்தா எடுத்துக் குடிக்கட்டும்" என்றார்.

மருதங்கண்ணனுக்குப் புல்லரித்தது. தான் செய்ததைத்தான் சாமி செய்து காட்டுகிறார், வருங்காலத்துக்காக மூடி வைத்ததை மெச்சுகிறார் என்று எடுத்துக்கொண்டான். காலில் விழுந்து எழுந்தான். வயிறு காய்ந்து கிடந்தது, மனசு நிறைந்து வழிந்தது. அந்த நிறைவோடு பாறை இறங்கிப் போனான். எயினியைப் போய்ப் பார்க்கவே இல்லை.

மண்டபம் திறக்கும் நாள் வந்தது. நாடு முழுதும் திரண்டுவிட்டது. கரட்டு மேட்டிலிருந்து கொட்டிக்கரைக்காரர்களையும் கூட்டி வந்து முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். பலி தந்தவனின் சனங்களாயிற்றே, மரியாதை வேண்டாமா! இளம்பூதி சாமியும் வந்து கூட்டத்தோடு, மருதங்கண்ணன் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு தூணோரமாக நின்றிருந்தார்.

திரையை விலக்கினார்கள். சுவரில் பொன்னேர் மின்னியது. தேவர்கள் பூச்சொரிந்தார்கள். காலடியில் மாலையும் சிரிப்புமாகக் கோடன் கிடந்தான்.

ராஜா சுவரருகே போனான். உழுத நாளிலிருந்து அவனுக்குச் சரியான தூக்கம் இல்லை என்று அந்தப்புரத்தில் பேச்சு இருந்தது. கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது. கோடனின் முகத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பார்க்கப் பார்க்க அவன் தோள் இறங்கியது, மூச்சு இறங்கியது.

"ஆம்" என்றான். "இப்படித்தான் கிடந்தான். சிரித்துக்கொண்டுதான் கிடந்தான். எனக்கு இப்போது நினைவு வருகிறது."

அன்றிரவு ராஜா நன்றாகத் தூங்கியிருப்பான்.

கொட்டிக்கரைக்காரர்களும் பார்த்தார்கள். எயினியின் கொழுந்தன் அவள் பக்கம் திரும்பினான். "பாத்துக்கிட்டியா? நேர்ல பாத்தவன் எழுதியிருக்கான்" என்றான்.

எயினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மருதங்கண்ணனிடம் வந்தாள்.

"அண்ணே, இது யாரு?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "சத்தம் போடாத தாயி. உன் புருசன் அடியில இருக்காரு. ஈரச் சாந்துல எழுதியிருக்கேன், நான் பாத்தது பாத்தபடி. இது மேல பூசின பிசின். உதுந்துரும்."

"எப்ப?"

"நம்ம காலத்துல இல்ல. பின்னால."

அவள் சுவரைப் பார்த்தாள். "அடியில கத்துறாரா?"

"கத்துறாரு தாயி. வாயத் தொறந்து கத்துறாரு."

"அந்த வாயி மேல பிசினப் பூசினது யாரு?"

மருதங்கண்ணன் தன் விரல்களைப் பார்த்தான்.

"ராஜா ஏரத்தான் ஓட்டினாரு" என்றாள் எயினி. "எம் புருசன் வாய அவரு மூடல, அண்ணே."

அதற்குள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அமைச்சர் அவள் தோளில் ஒரு சிவப்புப் பட்டாடையைப் போர்த்தினார். அதை எடுத்து வீச அவளுக்கு ஒரு கணம் போதும். வீசினால் பின்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். பட்டோடு திரும்பி வந்தவளுக்குக் கொட்டிக்கரைக்காரர்கள் வழி விட்டார்கள். நடுவில் சேர்த்துக்கொள்ளத்தான் ஆளில்லை. விலகி விலகி வழி விட்டார்கள். அவள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வழியாகப் போனாள். கரட்டு மேட்டுக்கு அவள் திரும்பவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். எங்கே போனாள் என்று சொல்ல ஒருவரும் இல்லை, தேடவும் ஒருவரும் இல்லை.

கூட்டம் கலைந்ததும் மருதங்கண்ணன் நரிப்பாறைக்கு ஓடினான். சாமி அவனுக்கு முன்பே வந்து சேர்ந்து, குகை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்களும் பாத்தீங்கதானே சாமி?"

"பாத்தேன்."

"அவ பேசினதக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அன்னிக்கே தடுத்திருக்கலாமே? நான் உங்ககிட்டக் கேக்கத்தானே வந்தேன்?"

"நீர் கேக்க வரல" என்றார் சாமி. "சொல்ல வந்தீர்."

மருதங்கண்ணன் பாறையில் உட்கார்ந்துவிட்டான். சாமி பெருக்குவதை விடவில்லை.

"நான் என்ன செஞ்சிருக்கணும் சாமி? மாட்டேன்னு சொல்லியிருந்தா என் கைய வெட்டிட்டு வேற ஆளக் கூப்பிட்டிருப்பாங்க. அவன் மேல இருக்கறத மட்டும் எழுதியிருப்பான். அடியில ஒண்ணும் இருந்திருக்காது."

"ஆமா, இருந்திருக்காது."

"அப்ப நான் செஞ்சது ஒண்ணுமே இல்லாததுக்குத் தேவலதானே?"

"யாருக்கு?"

அவன் காலடியில் கிடந்த ஒரு கல்லை எடுத்து நகர்த்தி வைத்தான்.

"அவகிட்டப் போய் என்னால முடியாது, பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம்" என்றார் சாமி. "உம்ம நம்பிக்கிட்டு அங்க வந்து நின்னிருக்க மாட்டா. அவ சனங்களுக்கு நேரா அந்தச் சிரிப்பப் பாத்திருக்க மாட்டா."

"அப்படிச் சொன்னா என்னய என்ன நெனப்பா?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்குக் காதில் விழுந்தது. முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். அமைச்சர் தட்டிக்கொடுத்த கை, ஒரு கீறல் இல்லாமல் முழுசாக இருந்தது.

சாமி துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு அவனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கீழே புதுநகரம் தெரிந்தது. ஏரிக்கரையில் யானைகள் குளித்துக்கொண்டிருந்தன.

"ஆனா சாமி," என்றான் மருதங்கண்ணன். அவன் இன்னும் விடவில்லை. "ஒரு நாள் அது உதிரும். அது மட்டும் நிச்சயம். நாம யாரும் இருக்க மாட்டோம். இந்த ராஜா பேருகூட மறந்திருக்கும். அன்னிக்கு யாராவது அந்த மண்டபத்துக்குள்ள வருவான். மாலையும் சிரிப்பும் உதுந்து, அடியில கெடக்கறவனப் பாப்பான். விரிச்ச கையையும் தொறந்த வாயையும் பாப்பான். அப்பவாவது அவன் என்ன சொல்லுவான் சாமி?"

சாமி அவனைப் பார்த்தார்.

"ஓவியன் கெட்டிக்காரன்னு சொல்லுவான்."